ஒட்டுப் போட்ட மஷ்ரபியாவில் என்ன அரபு அடையாளம்?

3 பிப்ரவரி 2024, கேள்வி

கட்டடக்கலை கடைசி ஆண்டு மாணவன். என் ஆய்வேட்டின் வாதம் இதுதான்: இருபதாம் நூற்றாண்டின் நவீனக் கட்டடக்கலை அரபு நகரங்களின் முகத்தை அழித்தது. 1987இல் பாரிஸில் அரபு உலக நிறுவனம் கட்டப்பட்ட பிறகு மஷ்ரபியா என்னும் மரப்பின்னல் பலகணி, வீட்டுக்குள் காற்றை இறக்கும் காற்றுக் கோபுரம், குவிமாடம் எல்லாம் திரும்பி வந்து அந்த முகத்தை மீட்டுக்கொண்டிருக்கின்றன. வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், சரிதானே?

4 பிப்ரவரி 2024

சரியில்லை தம்பி.

ஷார்ஜாவில் முகப்பு வேலை செய்யும் ஒரு கம்பெனியில் ஷாப் டிராயிங் போட்டுப் பிழைத்தவன் நான். நீ மீண்டு வந்ததாகச் சொல்லும் மஷ்ரபியாவைக் கணக்கில்லாமல் வரைந்திருக்கிறேன். அது எப்படி வருகிறது தெரியுமா? முதலில் கட்டடம் முழுக்க வரைந்து முடிந்துவிடும். தூண், ஸ்லாப், லிப்ட், கண்ணாடி எல்லாம் உறுதியான பிறகு கன்சல்டன்ட் எலிவேஷன் தாளில் (முகப்பு வரைபடம்) சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டு, அரபு சாயல் கூட்டவும் என்று எழுதி அனுப்புவார். அந்த வட்டத்துக்குள் நாங்கள் ஜி.ஆர்.சி. பலகையை வைப்போம். ஜி.ஆர்.சி. என்றால் கண்ணாடி இழை கலந்த சிமென்ட். அச்சுக்குள் துப்பாக்கியால் பீய்ச்சி, ரோலரால் அழுத்தி, மறுநாள் கழற்றினால் பலகை தயார். நாலு பிராக்கெட், நாலு போல்ட். பின்னால் பல இடங்களில் ஜன்னல்கூடக் கிடையாது, வெறும் பிளாக் சுவர்.

ஒரு தடவை மம்லூக் காலத்துக் கெய்ரோ கதவு ஒன்றிலிருந்து ஆறு முனை நட்சத்திரக் கோலத்தை எடுத்துப் போட்டேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். இஸ்ரேல் கொடி மாதிரி இருக்கிறது, எட்டு முனையாக்கு என்றார்கள். ஆறு முனை நட்சத்திரம் பள்ளிவாசல்களின் மரவேலையில் எத்தனையோ நூற்றாண்டாக இருக்கிறது. அதைக் கிளையன்டிடம் எடுத்துச் சொல்ல நான் யார்? எட்டாக்கினேன். அப்ரூவல் வந்தது.

4 பிப்ரவரி 2024, இரவு

பாரிஸ் கட்டடத்தை விட்டுவிட்டேன். ஜான் நூவல் வடிவமைத்தது. தெற்குச் சுவரில் 240 உலோகச் சதுரங்கள், ஒவ்வொன்றிலும் கேமரா லென்ஸ் மாதிரித் திறந்து மூடும் வட்டங்கள். வெயில் ஏறினால் சுருங்கும், இறங்கினால் விரியும். அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நுண்பொறிகள் அடிக்கடி சிக்கிக்கொண்டு நின்றன. 2012இல் அபுதாபியில் அல் பஹர் கோபுரங்கள் அதே யோசனையைக் குடை மடக்கும் பாணியில் செய்தன, ஒரு கோபுரத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் குடைகள். எல்லாம் மோட்டார்.

பழைய மஷ்ரபியாவுக்கு மோட்டார் கிடையாது. கடைந்த மரக்குச்சிகளைக் கோத்த பலகணி அது. கண் உயரத்தில் குச்சிகள் நெருக்கமாக இருக்கும். கண் கூசாது, வெளியே இருப்பவனுக்கு உள்ளே தெரியாது. தலைக்கு மேலே இடைவெளி அகலமாகும், காற்று வர. உள்பக்கம் மண்ஜாடியில் தண்ணீர் வைப்பார்கள். மரம் இரவில் ஈரத்தை வாங்கிவைத்துக்கொண்டு பகலில் விடும். இதையெல்லாம் எகிப்துக் கட்டடக்கலைஞர் ஹசன் ஃபத்ஹி அக்கறையாக விளக்கி எழுதியிருக்கிறார். சிமென்ட் பலகையில் இதில் எது நடக்கும்?

7 பிப்ரவரி 2024

அப்படியென்றால் ஃபத்ஹியைப் பின்பற்றினால் போதுமே என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அவ்வளவு சுலபமில்லை அண்ணே.

ஃபத்ஹி (1900–1989) இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மண்ணுக்குத் திரும்பினார். மரமும் இரும்பும் கிடைக்கவில்லை, விலையும் எகிறியது. சுவர் மண்ணில் எழுப்பிவிடலாம், கூரைக்கு என்ன செய்வது? மண்கல்லிலேயே வளைவு கட்டிப் பார்த்தார், இடிந்து விழுந்தது. பிறகு தெற்கு எகிப்தின் அஸ்வான் பக்கம் போனார். அங்கே நூபியக் கொத்தனார்கள் சென்ட்ரிங் பலகை ஒன்றுகூட இல்லாமல் வளைவுக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பின்சுவரை உயரமாக எழுப்பி, அதன்மேல் மண்சாந்தால் வளைவின் கோட்டைக் கையாலேயே இழுக்கிறார்கள், அளவுகோல் இல்லை. முதல் வரிசைக் கற்களை அந்தச் சுவர்மேல் சாய்த்து ஒட்டுகிறார்கள். இரண்டாம் வரிசை முதல் வரிசைமேல் சாயும். இப்படிச் சாய்ந்து சாய்ந்தே கூரை முன்னால் நகர்கிறது. கல் சுடாத பச்சைக்கல், 25க்கு 15 சென்டிமீட்டர், கனம் 5தான். எடை குறைய வைக்கோல் கூடுதல். ஈரமாக இருக்கும்போதே அகலமான முகத்தில் விரலால் இரண்டு கோடு இழுத்துவிடுகிறார்கள், சாந்து அதில்தான் கவ்விக்கொள்கிறது. ஆரோவில்லில் மண் கட்டுமானம் கற்றுத்தரும் நிறுவனமும் இந்த நூபிய முறையை எடுத்து வளர்த்திருக்கிறது. சந்தேகப்படுபவர்கள் அங்கே போய் அண்ணாந்து பார்க்கலாம்.

சரி, அந்தக் கொத்தனார்களை அழைத்து வந்து லக்சர் அருகே புதிய குர்னா என்ற கிராமத்தைக் கட்டினார். 1945இல் ஒப்படைத்த வேலை. பள்ளிவாசல், சந்தை, நாடக அரங்கு, முற்றம் வைத்த வீடுகள். படங்களில் பார்த்தால் மயக்கம் வரும். ஆனால் யாருக்காகக் கட்டினாரோ அவர்கள் வரவில்லை. அணையை உடைத்துக் கிராமத்துக்குள் தண்ணீரையே விட்டார்கள். திட்டத்தின் ஒரு பகுதியோடு வேலை நின்றுபோனது. குவிமாடம் என்றால் அவர்களுக்குச் சமாதி ஞாபகம், அதனால் பிடிக்கவில்லை என்று ஒரு விளக்கம் எல்லோரும் சொல்வது. எனக்கு அதைவிட எளிமையான காரணம் தெரிகிறது. பையனுக்குக் கல்யாணம் ஆனால் மேலே ஒரு மாடி எழுப்ப வேண்டும். வளைவுக் கூரைமேல் எங்கே எழுப்புவது? பின்னாளில் குடிவந்தவர்கள் பல மண்வீடுகளை இடித்துக் கான்கிரீட் தூண் நிறுத்தி, அடுத்த மாடிக்காகக் கம்பியை மேலே நீட்டி விட்டிருக்கிறார்கள். நம் ஊர்ப் புறநகரில் நிற்கும் அதே கம்பிதான்.

7 பிப்ரவரி 2024, சற்று நேரம் கழித்து

"அவர்கள் கல்லறைத் திருடர்கள், போகாததற்கு அதுதான் காரணம்" என்று ஒரு பதில். பாதி சரி. பழைய குர்னா பண்டை எகிப்தியப் பிரபுக்களின் கல்லறைகள்மேல் இருந்த ஊர். அங்கிருந்து பொருள்கள் போய்க்கொண்டிருந்ததால்தான் அரசாங்கம் ஊரையே பெயர்க்க நினைத்தது. அந்த மக்களுக்குத் தொல்பொருளும் சுற்றுலாவும்தான் சோறு. ஆனால் திருட்டைவிட முக்கியமான விஷயம் வேறு. வேலையைக் கொடுத்தது தொல்பொருள் துறை. குடியிருக்கப் போகிறவன் கிளையன்ட் இல்லை. ஃபத்ஹி குடும்பம் குடும்பமாகப் போய்ப் பேச நினைத்தவர், எண்ணம் நல்லது. அவரை அழைத்தது அவர்கள் இல்லை, அவ்வளவுதான்.

பழைய ஊரையும் 2006இலிருந்து புல்டோசர் வைத்துக் காலி செய்துவிட்டார்கள்.

11 பிப்ரவரி 2024

வெள்ளிக்கிழமை எழுத உட்கார்ந்தேன், கரண்ட் போய்விட்டது. பாக்தாதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நவீனம் அடையாளத்தை அழித்தது என்ற உன் வாதம் சாய்ந்து விழும் இடம் அது.

1950இல் இராக்கில் வளர்ச்சி வாரியம் வைத்தார்கள். எண்ணெய் வருமானத்தின் பெரும்பங்கு அதற்குப் போனது. உலகக் கட்டடக்கலையின் பெரிய தலைகளையெல்லாம் அழைத்தார்கள்: கொர்புசியே, குரோப்பியஸ், ஆல்ட்டோ, ஜியோ பொன்டி. 1957இல் ஃபிராங்க் லாய்ட் ரைட் வந்தார், வயது தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தது. டைகிரிஸ் நடுவில் ஒரு தீவைப் பார்த்ததும் அவருக்கு ஆயிரத்தொரு இரவு ஞாபகம் வந்துவிட்டது. ஆபரா மாளிகை உச்சியில் அலாவுதீனும் விளக்கும், இன்னொரு பக்கம் ஹாரூன் அல் ரஷீதுக்குப் பிரமாண்டமான சிலை. கவனி: அடையாளம் அடையாளம் என்று கூவியவர் அமெரிக்காவிலிருந்து வந்தவர். 1958 ஜூலை 14 புரட்சியோடு அதெல்லாம் தாளிலேயே நின்றது.

அதே ஊரில் ரிஃபத் சாதிர்ஜி (1926–2020) என்று ஒருவர். லண்டனில் படித்து 1952இல் திரும்பியவர். நவீனக் கட்டடக்கலையை அவர் எதிரியாகப் பார்க்கவில்லை. இராக்கின் செங்கல்லை எடுத்தார், உகைதிர் கோட்டையின் அரைவட்டக் கொத்தளங்களைப் பார்த்தார், அந்த வெயிலில் ஜன்னல் ஏன் ஒடுங்கியிருக்கிறது என்று யோசித்தார். 1960களில் கட்டிய புகையிலை நிறுவன அலுவலகத்தில் செங்கல் உருளைகள் வரிசையாக நிற்கும், நடுவில் நீளமான கீற்று இடைவெளிகள். எந்தப் பழைய கட்டடத்தின் நகலும் அல்ல, ஆனால் சிகாகோவில் வைத்தால் பொருந்தாது. ஒட்டின பூவேலை ஒன்றுகூட இல்லை.

1959இல் அவர் கட்டிய பெயரறியா வீரர் நினைவுச்சின்னம் ஒரே ஒரு வளைவு. பாக்தாத் பக்கத்துத் தெசிஃபோனில் நிற்கும் தாக் கிஸ்ரா வளைவின் சாயல். 1982இல் அதை இடித்தார்கள். அந்த ஃபிர்தவ்ஸ் சதுக்கத்தில் 2002இல் சதாம் சிலை வந்தது. 2003 ஏப்ரல் 9 அன்று கயிறு கட்டிச் சாய்த்ததை உலகமே டிவியில் பார்த்ததே, அந்தச் சிலை, அந்த இடம். சிலை விழுந்தது எல்லோருக்கும் தெரியும், அதற்கு முன்னால் அங்கே என்ன நின்றது என்று கேட்டால் ஆள் இல்லை.

மனுஷர் பட்டதும் கொஞ்சமில்லை. 1978இல் ஆயுள் தண்டனை, அபு கிரைப் சிறை. 1980இல் அணிசேரா நாடுகள் மாநாட்டுக்கு பாக்தாதை அழகுபடுத்த ஆள் வேண்டும் என்று சதாமே வெளியே எடுத்து வேலை கொடுத்தார். போர் வந்து மாநாடு டெல்லிக்குப் போனது தனிக் கதை. அவருடைய மொசூல் காப்பீட்டு அலுவலகத்தின் உச்சியிலிருந்துதான் ஐ.எஸ். ஆட்களைத் தள்ளிக் கொன்றது. 2017 சண்டையில் சிதைந்து, பிறகு அதையும் இடித்துவிட்டார்கள். அவர் 2020இல் லண்டனில் கொரோனாவில் இறந்தார்.

அடையாளத்தை அழித்தது நவீனம் என்கிறாயே தம்பி, இங்கே இடித்தவர்கள் யாரும் நவீனக் கட்டடக்கலைஞர்கள் இல்லை.

12 பிப்ரவரி 2024

ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. தாக் கிஸ்ரா யார் கட்டியது? சாசானியர்கள், பாரசீகர்கள். ஃபத்ஹியின் வளைவு நூபியர்களுடையது. துபாய் அடையாளம் என்று தபால் அட்டையில் போடும் காற்றுக் கோபுரம்? பாரசீகத்தின் பஸ்தக் ஊரிலிருந்து வந்த வியாபாரிகள் துபாயில் கட்டிய வீடுகளில் இருந்தது. அதனால்தான் அந்தத் தெருவுக்கு பஸ்தகியா என்று பெயர். இப்போது அல் ஃபஹீதி என்கிறார்கள். ஜித்தா ஹஜ் முனையத்தின் கூடாரக் கூரைக்குப் பின்னால் இருந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான், வங்காளி.

குறை சொல்வதற்காக எழுதவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வாங்காத கட்டடக்கலை எங்கும் கிடையாது. ஆனால் ஆய்வேட்டில் 'தூய அரபு மரபு' என்று எழுதியிருந்தால் அந்த வரியை எடுத்துவிடு.

பஸ்தகியாவுக்கு என்ன ஆனது என்றும் பார். ஏசி வந்ததும் பழைய குடும்பங்கள் புது வீடுகளுக்குப் போய்விட்டன, அந்த வீடுகளில் நம் ஆட்கள் மாதிரிக் கூலிக்கு வந்தவர்கள் அறைக்குப் பலபேராகத் தங்கினார்கள். 1980களில் பாதித் தெருவை இடித்தார்கள். மீதியைத்தான் பூசி மெழுகி இப்போது டிக்கெட் போடாத குறையாகக் காட்டுகிறார்கள். நான் வரைந்த காற்றுக் கோபுரங்களில் ஒன்றில்கூடக் காற்று இறங்கவில்லை. ஒன்றில் லிப்ட் மோட்டார் இருந்தது, இன்னொன்றில் தண்ணீர்த் தொட்டி.

12 பிப்ரவரி 2024

அபுதாபியின் மஸ்தர் நகரைச் சொல்லாமல் விட்டாயே என்று கேட்கும் முன்: ஆமாம், அங்கே 45 மீட்டர் உயரக் கோபுரம் நிஜமாகவே காற்றை இறக்குகிறது. தெருவையும் ஒடுக்கமாக வைத்து நிழல் கொடுத்திருக்கிறார்கள். அது விதிவிலக்கு.

18 பிப்ரவரி 2024

தம்பி கேட்டது: "அப்படியானால் நவீனக் கட்டடக்கலை அரபு வாழ்க்கையைப் புரிந்துகொண்ட உதாரணம் உண்டா?"

மொராக்கோவின் காசாபிளாங்கா. பிரெஞ்சு ஆட்சிக் காலம். கிராமங்களிலிருந்து வந்து தகரக் குடிசை போட்ட தொழிலாளர்களுக்காக 1950களின் தொடக்கத்தில் காந்திலிஸ், வுட்ஸ் என்ற கட்டடக்கலைஞர்களின் குழுவினர் காரியேர் சென்ட்ரால் என்ற இடத்தில் அடுக்குமாடி கட்டினார்கள். முஸ்லிம் குடும்பத்துக்கு முற்றம் வேண்டும், பெண்கள் வெளியார் கண்ணில் படாமல் வானத்தைப் பார்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் உயரமான கைப்பிடிச் சுவரோடு ஒரு திறந்த முற்றம், மாடிக்கு மாடி இடம் மாற்றி வைத்தது. தேன்கூடு என்று பெயர். 1953இல் பிரான்சின் எக்ஸ் நகரில் நடந்த நவீனக் கட்டடக்கலைஞர்கள் மாநாட்டில் இந்த மொராக்கோ வேலையைக் காட்டியபோது இளைஞர்கள் கொண்டாடினார்கள், கொர்புசியே தலைமுறையின் பிடி தளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்றைக்குப் படம் எடுத்துப் பார். முற்றம் கண்ணுக்குத் தெரியாது. குடியிருப்பவர்கள் மேலே மூடி, ஜன்னல் வைத்து, எல்லாவற்றையும் அறையாக்கிவிட்டார்கள். வெள்ளைச் சட்டம் போட்ட கட்டம் கட்டமான சுவர் சாதாரணப் பிளாட் முகமாகிவிட்டது. பிள்ளைகள் பெருத்தால் முற்றமா முக்கியம், அறையா?

இன்னொன்றையும் மறக்காதே. அந்தத் திட்டக்காரர்கள் முஸ்லிம்களுக்கு ஒரு மாதிரி, யூதர்களுக்கு ஒரு மாதிரி, ஐரோப்பியர்களுக்கு ஒரு மாதிரி என்று வீட்டை வகைப்படுத்தி வைத்திருந்தார்கள். உன் அடையாளம் இது, இதற்குள் இரு என்று அளந்து கொடுத்த வீடு. அதே காரியேர் சென்ட்ராலில்தான் 1952 டிசம்பரில் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. அதற்கு முன்பே அல்ஜியர்ஸில் பிரெஞ்சுக்காரர்கள் தபால் ஆபீசைக்கூடக் குவிமாடமும் வளைவுமாக மூரிஷ் பாணியில் கட்டிக்கொண்டிருந்தார்கள். மெட்ராஸில் செனட் ஹவுஸ் கட்டிய சிஷோமின் கதையும் இந்த இனம்தான். ஆள வந்தவனுக்கு ஆளப்படுபவனின் வளைவு மேல் எப்போதுமே ஒரு ஆசை.

19 பிப்ரவரி 2024

இரவு படுத்தபிறகு ஒரு மறுயோசனை. ஜி.ஆர்.சி. பலகையை முதல் நாள் ரொம்பவே திட்டிவிட்டேனோ?

ஷார்ஜாவில் நான் இருந்த கட்டடத்து பால்கனிக்கு அந்தப் பலகைதான் மறைப்பு. அதற்குப் பின்னால் ஏசி அவுட்டோர் யூனிட், அதன்மேல் காயப்போட்ட லுங்கி, துண்டு, மூலையில் வெங்காய மூட்டை. எதிர் வீட்டு எகிப்துக்காரக் குடும்பத்துப் பெண்கள் தலை மூடாமல் பால்கனியில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். சிரிப்புச் சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. எங்கள் வீட்டுக்காரி வந்திருந்தபோது அவளும் அந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டாள். கன்சல்டன்ட் அலங்காரம் என்று போட்டதைக் குடியிருந்தவர்கள் வேலைக்கு வைத்துவிட்டார்கள். வெறும் சுவர்மேல் அடித்த பலகையைப் பற்றி என் கருத்து மாறவில்லை. பால்கனிக்கு முன்னால் இருப்பதற்கு மதிப்பெண் கொடுக்கிறேன்.

25 பிப்ரவரி 2024

குவைத் நாடாளுமன்றத்தைக் கேட்டவருக்கு. ஆமாம், அதை வடிவமைத்தது சிட்னி ஆபரா ஹவுஸ் செய்த உட்சன்தான். கடலைப் பார்த்துத் தொங்கும் அந்தக் கான்கிரீட் கூரையைப் பதூயின் கூடாரம் என்பார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது உள்ளே நடுவில் ஓடும் தெரு, சூக் (அரபுச் சந்தை) மாதிரி இரண்டு பக்கமும் அலுவலகங்கள் முற்றத்தைச் சுற்றி. கட்டி முடித்த கொஞ்ச காலத்தில், 1986இல் அமீர் அவையையே கலைத்தார். 1991இல் பின்வாங்கிய இராக் படை கொளுத்திவிட்டுப் போனது. திரும்பக் கட்டினார்கள்.

2 மார்ச் 2024

இழை எங்கெங்கோ போய்விட்டது, நானும் ஒரு திருப்பு திருப்புகிறேன். எங்கள் ஊர் கீழக்கரை. பழைய ஜும்மா பள்ளியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கல் தூண்கள், போதிகை, பூவேலை, தட்டைக் கூரை. கோயில் கட்டிய கைகள்தான் அதையும் கட்டியிருக்க வேண்டும், உருவம் மட்டும் இல்லை. இப்போது சுற்றுவட்டாரத்தில் வளைகுடாக் காசில் எழும்பும் பள்ளிகள் எல்லாம் பச்சைக் குவிமாடம், ஊசி மினாரா. பழையதைப் பார்த்து, இது கோயில் மாதிரி, அரபு மாதிரிக் கட்ட வேண்டும் என்று ஜமாஅத்தில் பேசுகிறார்கள். எங்கள் வாப்பா இருந்தால் சண்டைக்குப் போயிருப்பார்.

அரபு மாதிரி என்றால் எது? மதீனாவில் நபிகளார் காலத்துப் பள்ளி ஈச்சமரத் தண்டுகளைத் தூணாக நட்டு மேலே ஓலை வேய்ந்த தட்டைக் கூரை. சவூதியின் நஜ்து பகுதிப் பழைய பள்ளிகள் மண்சுவர், வரிசைத் தூண், தட்டைக் கூரை. குவிமாடத்தை ஊசி மினாராவோடு சேர்த்துப் பெரிதாக வளர்த்தவர்கள் துருக்கியர்கள். கணக்குப் பார்த்தால் கீழக்கரைக் கல் மண்டபம்தான் அந்தப் பழைய பள்ளிக்குக் கிட்ட நிற்கிறது. இதை ஊரில் சொன்னேன். இவன் ஷார்ஜாவில் படம் வரைந்தவன், இவனுக்கு என்ன தெரியும் என்றார்கள்.

9 மார்ச் 2024

தம்பி, கைடு தலைப்பை மாற்ற ஒப்புக்கொண்டார் என்று எழுதியிருக்கிறாய், நல்லது. தேன்கூட்டை எடுத்துக்கொள். 1952இல் கட்டியது ஒரு செக்‌ஷன் (குறுக்குவெட்டு வரைபடம்), குடியிருப்பவர்கள் மூடிய பிறகு ஒரு செக்‌ஷன், இரண்டையும் ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் போடு. எலிவேஷன் தாளைக் கடைசியில் சேர். ஒப்பிட இன்னொன்று வேண்டுமென்றால் ஜித்தாவில் 1983இல் முடிந்த கார்டன் பன்ஷாஃப்டின் வங்கிக் கோபுரம். 27 மாடி, முக்கோணம், வெளிச்சுவரில் வழக்கமான ஜன்னலே இல்லை. சுவரில் பெரிய சதுரத் திறப்புகள், அதற்குள் முற்றம், அலுவலகக் கண்ணாடியெல்லாம் அந்த நிழலைப் பார்த்தபடி. ஒரு நட்சத்திரக் கோலம்கூட இல்லாமல் பழைய வீட்டின் முற்றத்தை உயரத்தில் ஏற்றிவிட்டார். உம்ராவுக்குப் போனபோது வெளியிலிருந்து பார்த்தேன். உள்ளே விடச் சொல்லிக் கேட்டேன், அக்கவுண்ட் இருக்கிறதா என்றான் காவலாளி.

வரைந்ததை அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். டி.டபிள்யூ.ஜி. கோப்பு வேண்டாம், அந்தக் கம்ப்யூட்டரை விற்றாயிற்று. பி.டி.எஃப். போதும்.